வளையத்துக்கு நாலு நாள்

செவ்வாய் ஆண்டில் நாள் 611. காலை 07:30.
வெளியே மைனஸ் அறுபத்தெட்டு. உள்ளே பதினெட்டு. புழுதிப் புயல் இன்றோடு பதினான்காம் நாள். அச்சு இரண்டு, அடுப்பு ஒன்று, ஆள் ஒருவன். எல்லாம் ஓடுகிறது.

இப்படியெல்லாம் ஆகும் என்று நான் முன்னாலேயே சொன்னேன். அதை முதலில் பதிவு செய்துவிடுகிறேன். புயல் இருபது நாளுக்குக் குறையாது என்றேன். முகாம் போட்டுத் துளை போடப் போனவர்கள் குறித்த தேதியில் திரும்ப மாட்டார்கள் என்றேன். கம்ப்யூட்டர் பேச்சைக் கேட்டு அடுப்பு மூட்டுகிறவன் ஒருநாள் பட்டினி கிடப்பான் என்றேன். யாரும் காதில் வாங்கவில்லை. இந்தக் குறிப்பைக் கண்டெடுத்துப் படிக்கிறவர் யாராக இருந்தாலும், சொன்னவன் பெயரைச் சரியாக எழுதிக்கொள்ளவும்: நாச்சிமுத்து, ரப்பர் மிஸ்திரி. செவ்வாய் கிரகத்தில் முதல் ரப்பர் வளையம் வார்த்த கை இது. நான் இல்லாமல் இந்தக் கம்பெனி இங்கே ஒரு கதவைக்கூட மூடியிருக்க முடியாது. முதலாளியே ஒருமுறை திரையில் என்னைக் கும்பிட்டார். படிப்பு எட்டாவது. அதிலும் பாதி.

நாள் 611. மதியம் 13:00.
நிலவரம். முகாமில் ஏழு பேர். பட்டறையிலிருந்து அங்கே போக ஆளில்லாச் சரக்கு வண்டிக்கு ஐந்து நாள் ஆகும். மற்ற எல்லோரும் போன மாதக் கப்பலில் ஏறிவிட்டார்கள். பட்டறையில் நான் மட்டும்.

முகாமின் தலைவி தாரணி. என் அக்கா மகள். வேலைக்கு நான்தான் சிபாரிசு செய்தேன். அவள் அப்படிச் சொல்வதில்லை. பரீட்சை எழுதித்தான் வந்தாளாம்.

மூச்சில் வெளியேறும் கரிவளியை உறிஞ்ச டப்பா இருக்கிறது. ஏழு பேருக்கு நாளைக்கு ஒரு டப்பா. அவர்களிடம் பதினாறு இருக்கிறது. 626-ம் நாளோடு தீரும். டப்பாவுக்கு உறையும் மருந்தும் இங்கே குவிந்து கிடக்கின்றன. மேலே ஒன்று கீழே ஒன்று என்று இரண்டு ரப்பர் வளையம் போட்டு மூட வேண்டும். வளையம் என் வேலை.

எதை எப்போது செய்ய வேண்டும் என்று சொல்வது திட்டம் போடும் மென்பொருள். நாங்கள் திட்டம்மா என்று கூப்பிடுவோம். அவளுக்குப் பெரிய மூளையெல்லாம் கிடையாது. சாமான் எந்த நாளில் வேண்டுமோ அந்த நாளிலிருந்து பின்னால் எண்ணுவாள். ஒவ்வொரு வேலைக்கும் எத்தனை நாள் பிடிக்கும் என்று நாம் கொடுத்த லீட் டைமைக் கழித்துக்கொண்டே வருவாள். கழித்து முடித்து நிற்கிற நாளில் ஆர்டரைத் திறப்பாள். ஒரு நாள் முன்னால் திறக்க மாட்டாள். மின்சாரம் வீணாகுமாம்.

இன்று அவள் போட்டது:

"கரிவளி டப்பா 15. முகாமில் தேவை: நாள் 627. வண்டி 5 நாள். டப்பா கோத்து மூட 1 நாள். வளையம் 30, லீட் டைம் 4 நாள். வளைய ஆர்டர் தொடங்கும் நாள்: 617. அதுவரை அடுப்பு செங்கல் வேலைக்கு ஒதுக்கப்பட்டது."

ஆறு நாள் செங்கல் சுடு என்கிறாள். சுடுகிறேன்.

நாள் 612. காலை 08:10.
நாலு நாள் எப்படி வந்தது என்பதையும் எழுதிவைக்கிறேன். வரலாறு முக்கியம்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் திட்டம்மாவை இங்கே நிறுவியபோது, பூமி ஆபீஸில் இருக்கும் ஜெயசீலன் ஒவ்வொரு பட்டறைக்காரரையும் திரையில் கூப்பிட்டு "உங்க சாமானுக்கு எத்தனை நாள்?" என்று கேட்டான். தகடு அடிக்கிற பத்ரி ஆறு என்றான். அவனுக்கு மூன்று போதும், ஊருக்கே தெரியும். எல்லோரும் கூட்டித்தான் சொன்னார்கள். கேட்கிறவன் எப்படியும் குறைப்பான் என்று கூட்டுவது வழக்கம். நான் மட்டும் எழுந்து நின்று நாலு என்றேன். பூமியிலிருந்து பதில் வர அரை மணி ஆனது. ஜெயசீலன் கேட்டான்: "அண்ணே, ரப்பர் வெந்தப்புறம் ஆறப் போடணுமில்ல? ரெண்டு நாள் சேர்த்துப் போட்டுக்கட்டுமா?" பத்ரி பக்கத்தில் நின்று சிரித்தான். "நாச்சிமுத்து ரப்பரை ஆறப் போடறவன் இல்ல தம்பி, நாலுன்னா நாலு" என்றேன்.

அன்றிலிருந்து நாலு நாளில் கொடுத்திருக்கிறேன். ஒருமுறை தவறியதில்லை. மூன்று வருஷம். பூமியில் இதை ஒரு காலேஜில் பாடமாக வைத்திருக்கிறார்கள் என்று கேள்வி.

தொழில் ரகசியம் ஒன்று உண்டு. அச்சில் ஒரு நாள், அடுப்பில் இரண்டு நாள், பிறகு இளஞ்சூட்டில் எட்டு நாள் ஆறப் போட வேண்டும். ஆக பதினொன்று. ஆறப் போடாத வளையம் குளிரில் சுருங்கும், காற்று கசியும். அதனால் நான் எப்போதும் நாற்பது ஐம்பது வளையத்தை முன்கூட்டியே செய்து ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு வைத்திருப்பேன். ஆர்டர் வந்தால் டின்னிலிருந்து எடுத்துக் கொடுப்பது, பிறகு சாவகாசமாகச் செய்து டின்னை நிரப்புவது. திட்டம்மாவின் பட்டியலில் அந்த டின் இல்லை. பட்டியலில் ஏற்றினால் "அதிக இருப்பு" என்று பிடுங்கிக்கொள்வார்கள். தணிக்கைக்காரர் கண்ணில் படாமல் வெளிச்சுவருக்கும் குழாய்க்கும் நடுவில் செருகியிருக்கிறேன்.

அதனால்தான் செங்கல் சுட்டுக்கொண்டு நிம்மதியாக இருக்கிறேன்.

நாள் 614. மாலை 16:20. முகாம் ஒலிபரப்பு.
இத்ரீஸ், துளைக் கருவி ஓட்டுகிறவன்: "என்ன மாமா, எங்களுக்கு மூச்சுக்கு டப்பா செய்யச் சொன்னா செங்கல் சுட்டுட்டு இருக்கீங்களாமே. யாருக்கு வீடு கட்டறீங்க?"

நான்: "உனக்குத்தான்டா. நீ திரும்பி வந்தா உன்னைத் தனியா வெக்கோணும். உன் குறட்டைக்கு எட்டு அங்குலச் சுவரு வேணும்."

தாரணி: "மாமா, விளையாட்டு இருக்கட்டுமுங்க. நாலு நாளு உறுதிதானுங்களே?"

நான்: "நான் என்னிக்குக் கண்ணு பிந்தியிருக்கறேன்?"

தாரணி: "எங்கம்மா சொல்லுமுங்க. உங்க மாமன் பத்து மணிக்கு வரேன்னா மதியச் சோத்துக்கு உலை வெச்சாப் போதும்னு."

ஏழு பேரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்புதான். அக்காவுக்கு வாய் அதிகம். நான் ஒரே ஒருமுறை பிந்தினேன். அன்றைக்குப் பஸ் எரிந்துவிட்டது. பதினேழு பேரைத் தூக்கிக் காப்பாற்றிவிட்டுப் போனேன். அதை யாரும் சொல்வதில்லை.

நாள் 617. காலை 06:45.
திட்டம்மா ஆர்டரைத் திறந்தாள். டின்னை எடுத்தேன்.

நாள் 617. காலை 07:20.
நாற்பத்திரண்டு வளையம். எல்லாம் அப்பளமாக நொறுங்குகிறது. புயல் வந்ததிலிருந்து வெளிச்சுவரின் சூடேற்றி அணைந்தே இருக்கிறது, மின்சாரம் மிச்சம் பிடிக்க. பட்டியலில் இருக்கும் சாமான் எல்லாவற்றையும் உள்ளறைக்கு மாற்றச் சொல்லித் திட்டம்மா இருபது நாளைக்கு முன்னால் குறிப்புக் கொடுத்தாள். மாற்றினேன், ஒன்று விடாமல். பட்டியலில் இல்லாததை அவள் எப்படிச் சொல்வாள்.

ஆறு நாள் செங்கல் சுட்டிருக்கிறேன். அறுநூற்று நாற்பது செங்கல். அவற்றை வைத்து என்ன செய்ய.

நாள் 617. காலை 09:00. பூமி ஒலிபரப்பு, பதினெட்டு நிமிடத் தாமதம்.
ஜெயசீலன்: "அண்ணே, வளைய ஆர்டர் இன்னைக்கு ரிலீஸ் ஆயிருக்கு. முகாம் விஷயம், அதனால மறுபடி கேக்கறேன், தப்பா எடுத்துக்காதீங்க. நாலு நாள் சரிதானே? மாத்தணும்னா இப்பவே சொல்லுங்க. வேற வழியில திட்டம் போட்டுத் தர்றேன். நேரம் இருக்கு."

நான் அனுப்பியது: "தம்பி, நீ பொறக்கறதுக்கு முன்னாடி நான் ரப்பர் வார்த்தவன். போட்டதைப் போட்டபடி விடு."

அவனிடம் பத்ரியும் இருப்பான். போன வருஷமே பூமிக்குக் கப்பல் ஏறியவன்; இறங்கியதும் திட்ட ஆபீஸில் உட்கார வைத்துவிட்டார்கள் என்று கேள்வி. பக்கத்து நாற்காலியில் சிரித்துக்கொண்டு.

அச்சில் ரப்பர் 07:55-க்கே போட்டாயிற்று.

நாள் 620. மாலை 17:30.
முப்பது வளையம் அடுப்பிலிருந்து வெளியே. இப்படி ஒரு பளபளப்பை நான் பார்த்ததில்லை. எட்டு நாள் ஆறப் போடுவது புத்தகக்காரன் எழுதி வைத்தது. அவன் புத்தகம் எழுதியது பூமியில். இங்கே காற்றழுத்தம் வேறு, ரப்பர் வேறு விதமாக நடந்துகொள்ளும். இதைப் பற்றி நான் ஒரு கட்டுரையே எழுதலாம்.

நாள் 621. மாலை 15:00.
பதினைந்து டப்பாவும் கோத்து முடித்தேன். நாலு நாள். சொன்னபடி.

நாள் 622. காலை 05:40. முகாம் ஒலிபரப்பு.
தாரணி: "மாமா, கொஞ்சம் கவனமாக் கேளுங்க. எங்க வண்டியில ஒரு தடவை ஓட்டற அளவுக்குத்தான் பேட்டரி இருக்குது. பட்டறைக்கு வர முடியாது. ஆனா பாதிவழிக் கிடங்கு வரைக்கும் போலாம். அங்க பழைய டப்பா எட்டு இருக்குது. குளிருக்குப் பேட்டரி தினமும் கொறையுது. நாளைக்கு மறுநாள் ஆச்சுன்னா அதுக்கும் பத்தாது. இந்தக் காத்துல கிளம்பறது பயமுங்க, வழியில நின்னா அவ்வளவுதான். அதனால உங்க சரக்கு அஞ்சு நாள்ல இங்க வந்துருமுன்னா நாங்க அசையாம இருந்துக்கறோம். வராதுன்னா இன்னைக்கே கிளம்பறோம். எனக்கு ஒரே ஒரு எண்ணு வேணும். ஏழு பேரு உசுரு மாமா. பெருமைக்குச் சொல்லாதீங்க."

நாள் 622. காலை 06:10.
சரக்கு வண்டி கிளம்பியது. பதினைந்து டப்பா, மூன்று அடுக்காக, ஒவ்வொரு அடுக்குக்கும் பஞ்சு வைத்து. தாரணிக்கு ஒரு பாட்டில் நார்த்தங்காய் ஊறுகாயும் கட்டிவிட்டேன். கதவு திறந்ததும் புழுதி உள்ளே பாய்ந்தது. வண்டி ஒருமுறை தயங்கி, திரும்பிப் பார்ப்பதுபோல விளக்கை ஆட்டிவிட்டுப் போனது. திட்டம்மாவில் "அனுப்பப்பட்டது" என்று போட்டுவிட்டேன்.

தாரணிக்கு அனுப்பியது: "கிளம்பிருச்சு கண்ணு. இப்பத்தான் கதவைச் சாத்தினேன். அஞ்சு நாளு. அசையாதீங்க."

நாள் 622. மதியம் 14:30.
குளிர்ப்பெட்டிச் சோதனை. பிறகு, முன்னெச்சரிக்கையாக, இன்னொரு முப்பது வளையத்தை அடுப்பில் இளஞ்சூட்டில் ஆறப் போட்டிருக்கிறேன். கூடுதல் இருப்பு. 630-ம் நாள் தயாராகும். ஒரு நல்ல பட்டறைக்காரன் கையில் எப்போதும் கூடுதல் இருக்கும்.

நாள் 623. காலை 10:00. பூமி ஒலிபரப்பு.
ஜெயசீலன்: "அண்ணே, டிஸ்பாட்ச் ஆனதை சிஸ்டத்துல பார்த்தேன். மனசுக்கு நிம்மதியா இருக்கு. தாரணி கேட்டாங்க, நாங்களும் உறுதி சொல்லிட்டோம். பத்ரி அண்ணன் உங்ககிட்ட மன்னிப்புக் கேக்கச் சொன்னார். நாலு நாளுக்கு அவர் அன்னைக்குச் சிரிச்சாராம்."

மன்னிப்பு ஏற்றுக்கொள்ளப்பட்டது என்று அனுப்பினேன்.

வண்டி இப்போது எழுபதாவது கிலோமீட்டர் தாண்டியிருக்கும். புயலில் சிக்னல் இல்லை. ஆனால் இந்த வழியின் மேடு பள்ளம் எனக்கு அத்துப்படி.

நாள் 624. மாலை 16:00. முகாம் ஒலிபரப்பு.
தாரணி: "பேட்டரி கோட்டுக்குக் கீழ போயிருச்சுங்க மாமா. இனிக் கிடங்குக்குப் போக முடியாது. பரவால்லை, அதான் சரக்கு வருதே. நேத்து இவங்க நாலு பேரு கிளம்பியே ஆகோணும்னு ஒரே சண்டை. எங்க மாமா அப்படிப் பொய் சொல்றவரில்ல, பிந்துவாரு, பொய் சொல்ல மாட்டாருன்னு சொல்லி உக்கார வெச்சேன்."

இத்ரீஸ்: "நானும் கிளம்பறேன்னவன்தான் மாமா. வண்டி வந்ததும் உங்க பேரைச் சொல்லி ஒரு கும்பிடு போட்டுடறேன்."

எட்டு நிமிடம் பதில் அனுப்பவில்லை. மைக் கோளாறு. பிறகு அனுப்பியது: "நல்லா உக்காருங்க. அசையாம இருந்தா டப்பா கொஞ்சம் கூட நாளு வரும்."

நாள் 625. காலை 07:00.
திட்டம்மா எச்சரிக்கை: "சரக்கு வண்டியின் பேட்டரி 100 சதவீதம். மூன்று நாள் ஓடிய வண்டிக்கு எதிர்பார்ப்பு: 52. உணர்கருவியைச் சரிபார்க்கவும்."

சரிபார்த்தேன். உணர்கருவி பழுது. எச்சரிக்கையை மூடிவிட்டேன். பூமிக்குப் போகும் பிரதியையும் நிறுத்திவிட்டேன். அவர்களை எதற்கு வீணாகக் கலவரப்படுத்துவது.

சாப்பிடவில்லை. பசி இல்லை. ரப்பர் வாடை எல்லாவற்றிலும் இருக்கிறது.

நாள் 626. காலை 11:15.
ஒரு காரியம் செய்து பார்த்தேன். திட்டம்மாவில் வளையத்தின் லீட் டைமை மாற்றினேன். நாலை அழித்துவிட்டுப் பதினொன்று. சும்மா, பரிசோதனைக்கு. தேதியை 622 காலை என்று வைத்து, முகாமின் ஏழு பேரையும் மீதமிருந்த டப்பாவையும் கொடுத்துத் திட்டம் கேட்டேன்.

முப்பது நொடி. சொன்னாள்:

"முகாமை உடனே பாதிவழிக் கிடங்குக்கு மாற்றவும். கிடங்கு இருப்பு 8 டப்பா. மொத்தம் நாள் 634 வரை போதும். வளையம் 630-ல் தயார். வண்டி புறப்பாடு 631. கிடங்குக்கு 3 நாள். சேரும் நாள் 634. உபரி: 0. நிறைவேற்ற இயலும்."

நிறைவேற்ற இயலும் என்கிறாள். உண்மையான நாளைக் கொடுத்திருந்தால் இதே வாயால் 622-லும் சொல்லியிருப்பாள். 617-ல் ஜெயசீலன் கேட்டபோது கொடுத்திருந்தால் இன்னும் இரண்டு நாள் கையில் மிஞ்சியிருக்கும். 611-ல் கொடுத்திருந்தால் செங்கலே இல்லை. நான் அவளை மூளையில்லாதவள் என்று மேலே எங்கோ எழுதியிருக்கிறேன். அவள் கழிக்க மட்டும்தான் தெரிந்தவள். எத்தனை நாளைக் கழிப்பது என்று நான்தான் கொடுத்தேன்.

நாலையே திரும்பப் போட்டுவிட்டேன். ஏன் என்று தெரியவில்லை.

நாள் 626. மாலை 16:00. முகாம் ஒலிபரப்பு.
தாரணி: "கடைசி டப்பா மாட்டியாச்சுங்க. எல்லாத்துக்கும் தலைவலி. படுத்தே இருக்கறோம். பேச்சைக் கொறச்சுக்கறோம்."

இத்ரீஸ் மெதுவாக: "மாமா. அந்தச் செங்கல் வீடு. எட்டு அங்குலம் வேணாம். நாலு போதும். எனக்கு இப்ப குறட்டையே வர்றதில்லை."

பதிலுக்கு ஏதோ வேடிக்கையாகச் சொன்னேன். என்ன சொன்னேன் என்று நினைவில்லை. அவன் சிரித்தான்.

நாள் 627. காலை 09:30. முகாம் ஒலிபரப்பு.
தாரணி: "மாமா. வண்டி இன்னும் தெரியலை. வாசல் விளக்கைப் போட்டு வெச்சிருக்கறோம், புழுதியில வழி தப்பாம இருக்க."

அனுப்பியது: "மதியத்துக்குள்ள."

நாள் 627. மதியம் 14:00. முகாம் ஒலிபரப்பு.
தாரணி: "மாமா. ரெண்டு பேரு எழுப்பினா முழிக்கறதில்லை. இத்ரீசும். நான் வெளிய போய்ப் பாத்துட்டு வந்தேன். தடம் எதுவும் இல்லை. எங்க வருது? எத்தனை கிலோமீட்டர்? தெரிஞ்சா நான் நடந்தாவது போய் நாலு டப்பா தூக்கிட்டு வந்துருவேன். வெளிய போற சூட்ல ஆறு மணி நேரத்துக்குக் காத்து இருக்குது. எண்ணை மட்டும் சொல்லுங்க."

நாள் 627. மதியம் 14:09.
அனுப்பியது: "பன்னெண்டு கிலோமீட்டர் கண்ணு. வடக்க."

நாள் 627. மதியம் 14:31. முகாம் ஒலிபரப்பு.
தாரணி: "கிளம்பிட்டேன்."

நாள் 627. மாலை 17:05.
கண்டெடுக்கிறவருக்கு.

ஒரு திருத்தம். மற்றதையெல்லாம் எப்படி வேண்டுமானாலும் படித்துக்கொள்ளுங்கள். முதலாளி கும்பிட்டது, பஸ் எரிந்தது, காலேஜ் பாடம். அவற்றால் யாருக்கும் ஒன்றுமில்லை.

622-ம் நாள் 06:10 பதிவு. பட்டறையில் எல்லோரும் செய்வதுதான்: சாமான் வாசலைத் தாண்டுவதற்கு முன்னாலேயே "அனுப்பப்பட்டது" என்று போட்டுவிடுவது, நாள் தவறாமல் இருக்க. ஒருமுறை கசிவு பார்த்துவிட்டு மதியத்துக்குள் ஏற்றி அனுப்பிவிடலாம் என்று நினைத்தேன். 14:30-க்குக் குளிர்ப்பெட்டியில் வைத்தபோது பதினைந்து டப்பாவும் கசிந்தன. முப்பது வளையமும் சுருங்கியிருந்தன. கூடுதல் முப்பது என்று எழுதியது அவைதான். பிரித்தெடுத்து மறுபடி அடுப்பில் போட்டேன். இன்னும் அங்கேதான் இருக்கின்றன. மூன்று நாள் பாக்கி.

அன்றைக்கு மதியமே சொல்லியிருக்கலாம். பேட்டரி இருந்தது. மைக் நன்றாகத்தான் வேலை செய்தது.

தாரணி வடக்கே நடந்துகொண்டிருக்கிறாள். அவளுடைய சூட் ரேடியோ முகாமைத் தாண்டி எட்டாது. முகாமைக் கூப்பிட்டேன், மூன்று முறை. எடுத்துச் சொல்ல அங்கே யாரும் விழித்திருக்கவில்லை.

வடக்கே எதுவும் இல்லை. வண்டி கிளம்பவே இல்லை.